செஞ்சிக்கு வந்த கடல் மீன்கள்

திண்டிவனத்தில் பஸ் ஏறும்போதே கண்டக்டர் எங்களைப் படியில் நிறுத்திவிட்டார்.

“டின்னு மேல போவணும்யா. உள்ள காலு வெக்க எடமில்ல.”

“மேல வெக்கக் கூடாதுங்க” என்றேன்.

“இன்னா, எண்ணெயா?”

அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. புது மனிதர்களிடம் ஒரு வாக்கியம் பேசிவிட்டால் இரண்டாவது வாக்கியம் தொண்டையில் நின்றுகொள்ளும். இன்றைக்கும் அப்படித்தான். எனக்குப் பின்னால் இன்னொரு டின்னோடு நின்ற தரணேந்திரன் சார்தான் சொன்னார்: “மீனுங்க. உயிரோட இருக்குது. மேல வெயில்ல வெச்சா செத்துடும்.”

கண்டக்டர் டின்னின் வாயில் கட்டியிருந்த துணியை விலக்கி எட்டிப் பார்த்தார். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட குட்டி மீன் ஒன்று மேலே வந்தது. அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

“உயிரோட இருக்குதுன்னா டிக்கெட்டு போடணுமே. முழுசா, அரையா?”

“மடியில வெச்சிக்கறோம். கைக்கொழந்தைக்கு ஏது டிக்கெட்டு?” என்றார் சார்.

அமாவாசை நாள். பஸ் முழுக்க மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம். எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் வியர்வையும் கலந்த வாசனை. இரண்டு சீட்டுக்கு நடுவில் டின்னை இறக்கி, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் குழாயைத் தண்ணீருக்குள் விட்டு, மெள்ள அடித்துக்கொண்டே வந்தேன். குமிழ் வந்துகொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

பக்கத்து சீட்டில் மஞ்சள் புடவை கட்டிய அம்மாள் ஒருவர் குனிந்து பார்த்தார்.

“இன்னா மீனு தம்பி இது, பட்டை பட்டையா கீது? கொழம்புக்கு ஆவுமா?”

“கொழம்புக்கு இல்லம்மா. பாக்கறதுக்கு” என்றார் சார்.

“பாக்கறதுக்கா! மீனைப் பாத்துக்கினு இன்னா பண்ணுவாங்க?”

“அதுக்குத்தாம்மா எனக்குச் சம்பளமே.”

பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. “பெத்தவங்களுக்குத் தெரியுமா இந்த வேலை?” என்று கேட்டார்.

சார் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே அடங்கியது. அவர் செஞ்சிக்கு வந்ததே அதற்காகத்தான்.

வேலை கிடைத்த விதம்

சென்ற வாரங்களைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நான் செஞ்சிக்காரன். பெயர் ஏழுமலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. என் நைனா, நயினார் வீட்டுக் கழனியில் வேலை செய்தவர். எங்கள் பக்கத்தில் சமணர்களை நயினார் என்றுதான் சொல்வோம். தரணேந்திரன் அந்த வீட்டின் இளைய பிள்ளை. என் வயதுதான்.

கழனியில் மாடு கட்டி இறைக்கிற பெரிய கிணறு இருந்தது. கயிறு அறுந்து இரும்புச் சால் உள்ளே போய்விட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் மூழ்கிப் போய்க் கயிறு கட்டிவிட்டு வருவேன். சின்ன நயினார் மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு நீச்சல் தெரியாது. வீட்டில் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள்.

பிறகு அவர் மெட்ராஸ் போய்ப் பெரிய படிப்பெல்லாம் படித்தார். மண்டபம் கடற்கரையில் மீன்களைப் பற்றிய ஆராய்ச்சி வேலை கிடைத்தது. ஒரு கோடையில் ஊருக்கு வந்தவர், நேரே கழனிக்கு வந்து என்னிடம் கேட்டார்.

“ஏழுமலை, தண்ணிக்குள்ள போனா கண்ணைத் தொறந்து வெச்சிருப்பியா, மூடிக்குவியா?”

“தொறந்துதாங்க வெச்சிருப்பேன்.”

“கடல்ல எரியும்.”

“எரிஞ்சிட்டுப் போவுதுங்க.”

அவ்வளவுதான். அடுத்த வாரம் அவரோடு ரயில் ஏறிவிட்டேன்.

மண்டபத்தில் இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “இங்க சார்னு கூப்புடு. நயினார்னா யாருக்கும் புரியாது.” எனக்கு அது பழக ஒரு மாதம் ஆயிற்று. செஞ்சிக்கு வரும்போதெல்லாம் வாய் தானாகப் பழையபடி ‘சின்ன நயினாரே’ என்று திரும்பிக்கொள்ளும். பஸ் திண்டிவனம் தாண்டினால் சார் போய் நயினார் வந்துவிடுவார்.

பாரில் குடியிருப்பவர்கள்

கடலுக்குள் பவளம் வளர்ந்து நிற்கிற இடத்தை மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். கரையிலிருந்து வள்ளத்தில் கொஞ்ச தூரம் போனால் வந்துவிடும். மேலிருந்து பார்த்தால் கருப்பாக ஏதோ கிடப்பதுபோல் இருக்கும். உள்ளே தலையை விட்டால் ஒரு ஊரே இருக்கும்.

சாரிடம் ஒரு மரப்பெட்டி உண்டு. அதன் அடியில் கண்ணாடி பதித்திருக்கும். வள்ளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்து, பெட்டியைத் தண்ணீரில் அழுத்தி, அதற்குள் முகத்தை வைத்துக்கொள்வார். மணிக்கணக்காக அப்படியே கிடப்பார். அவர் முதுகு வெயிலில் வெந்து தோல் உரியும். பெட்டிக்கு எட்டாத இடம் என்றால் என்னைத் தொடுவார். நான் குதித்துப் போய்ப் பார்த்து வந்து சொல்வேன்.

தண்ணீருக்குள் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்துப் போயிற்று.

அங்கே நான் தெரிந்துகொண்டதில் முதலாவது, மீன் கண்டபடி அலைவதில்லை என்பது. வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கிற வண்ணாத்தி மீன்கள் சோடியாகத்தான் வரும். அதுவும் தினமும் அதே பவளத்துக்கு. ஆரஞ்சு மீன், பூப்போல விரிந்து ஆடுகிற கடல்சாமந்திக்குள் குடியிருக்கும். அந்தப் பூ மற்ற மீன்களைச் சுடும், இதைச் சுடாது. என் கையைச் சுட்டது. கிளிமீன் பவளத்தைக் கடிக்கிற சத்தம், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், பக்கத்தில் யாரோ கரும்பு தின்பதுபோல் இருக்கும்.

வால் கிழிந்தது, பட்டை கோணலாய் இருப்பது என்று அடையாளம் வைத்து ஒவ்வொரு மீனையும் சார் தெரிந்து வைத்திருந்தார். ஒருநாள் ஒன்று வரவில்லை என்றால் அன்றைக்குச் சாப்பாட்டில் அவருக்கு மனம் இருக்காது.

அவருடைய மேலதிகாரிக்கு இதில் பொறுமையில்லை. “பிடிச்சு அறுத்துப் பாருங்க தரணேந்திரன். வயித்துல என்ன இருக்குன்னு அரைமணி நேரத்துல தெரிஞ்சுடும். அது என்ன திங்குதுன்னு பாக்க ஆறு மாசம் குப்புறப் படுத்துக் கிடக்கணுமா?” என்பார்.

சார் சிரித்து மழுப்பிவிடுவார். எனக்கு மட்டும் காரணம் தெரியும். அவர் வேலைக்குக் கிளம்பிய அன்று அவருடைய அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “உன் கையால ஒண்ணும் சாவக் கூடாது. பாத்து எழுதறதுன்னா எழுது.” நான் அப்போது அவருடைய துணிப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன்.

அடியில் இருக்கிற கடல்

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருடத்துக்கு முந்தைய வருடமாக இருக்கலாம். மாசியோ பங்குனியோ. சாருக்கு ஒரு தந்தி வந்தது. கொச்சியிலிருந்து ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று கிளம்புகிறது, ஆழ்கடலில் அடிவலை போட்டு மீன் எடுக்கப் போகிறார்கள், அவரும் வர வேண்டும் என்று.

அன்று மாலை அவர் என்னை ஒரு அறைக்குள் கூட்டிப் போய், கண்ணாடிச் சாடியில் மருந்துத் தண்ணீரில் கிடந்த ஒரு மீனைக் காட்டினார். கரிக்கட்டைபோலக் கருப்பு. வாய் முழுக்க ஊசி ஊசியாகப் பல். நெற்றியிலிருந்து ஒரு குச்சி முளைத்து, அதன் நுனியில் ஒரு சின்ன உருண்டை.

“அது வெளக்கு” என்றார். “அடியில வெளிச்சமே கிடையாது. இதுவே வெளக்கு வெச்சிக்கும்.”

“எவ்ளோ ஆழம் சார்?”

“நம்ம செஞ்சிக்கோட்டை ராஜகிரி மலை மேல இன்னொரு ராஜகிரிய வெச்சி, அதும்மேல இன்னொண்ண வெச்சாலும் பத்தாது.”

நான் கிணற்றில் நாலு ஆள் ஆழம் போனாலே காதுக்குள் ஆணி அடித்ததுபோல் வலிக்கும். அவ்வளவு தண்ணீரை முதுகில் சுமந்துகொண்டு ஒரு உயிர் இருக்கிறது என்பதை நினைக்கவே முடியவில்லை.

“மேல தூக்கினா என்னா ஆவும்?”

“கண்ணு வெளிய வந்துடும். வயிறு வாய் வழியா வெளிய வந்துடும். அந்தப் பாரம் இருந்தாத்தான் அதுக்கு உயிர்” என்றார்.

“அப்ப உசுரோட பாக்கவே முடியாதா?”

“முடியாது. தூக்கினாத்தான் பாக்கலாம். தூக்கினா செத்துடும்.”

அவர் கண்ணில் ஆசை இருந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கருப்பு மீனைப் பார்த்தபோது இருந்த மாதிரி அவர் முகத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. ஆனால் அம்மாவிடம் கேட்காமல் கப்பல் ஏற மாட்டார். அம்மா வேண்டாம் என்றால் வேலையை விட்டுவிட்டு, செஞ்சியில் அண்ணனுடைய அரிசி மண்டியில் போய் உட்கார வேண்டியதுதான். அதையும் அவரே என்னிடம் சொன்னார். கடிதத்தில் கேட்கிற விஷயமில்லை அது.

அதே சமயம், மெட்ராஸில் மக்கள் பார்ப்பதற்காகக் கண்ணாடித் தொட்டியில் விட, பார் மீன்கள் கொஞ்சம் கொண்டுபோக வேண்டியிருந்தது. உள்ளே மெழுகு உருக்கிப் பூசிய தகர டின் ஒன்றில் மீன்கள், இன்னொன்றில் மாற்றுவதற்குக் கடல் தண்ணீர். திண்டிவனத்தில் ரயிலை விட்டு இறங்கி, செஞ்சியில் இரண்டு இரவு தங்கி, பிறகு மெட்ராஸ் போவது என்று ஏற்பாடு. மீன் சுமந்துகொண்டு ஊர் சுற்றிப் போகிறவர்கள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கொல்லைப்புறத்தில்

நயினார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல உச்சி வெயில். நான் சந்து வழியாகக் கொல்லைப்புறத்துக்குப் போய் வேப்பமரத்தடியில் டின்னை இறக்கினேன். அந்த வீட்டில் எனக்கு அதுவரைக்கும்தான் வழி. அங்கே ஒரு கிணறு உண்டு. கழனிக் கிணற்றில் நான் எத்தனையோ முறை விழுந்து எழுந்திருக்கிறேன். வீட்டுக் கிணற்றின் கயிற்றைத் தொட்டதில்லை.

சாருடைய அம்மா, நயினாரம்மா, வந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைப் புடவை. வீட்டுக்காரர் போய்ப் பல வருடம். டின்னைப் பார்த்ததும் முதலில் பின்வாங்கினார். “மீனா? வீட்டுக்கா கொண்டாந்த?”

“உயிரோட இருக்குதும்மா. மெட்ராஸ்ல தொட்டியில விடப் போறோம். வந்து பாரு.”

வந்து குனிந்தார். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கடலைப் பார்த்ததில்லை. வண்ணாத்தி மீன் ஒன்று மஞ்சளாகத் திரும்பியபோது, “அடி யாத்தே, யாரு இதுக்குச் சாயம் போட்டது?” என்றார்.

“நீ போட்ட கோலத்துல பாத்து போட்டுக்கிச்சி” என்றார் மகன்.

“போடா.” சிரித்துக்கொண்டே விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. “கைப்பா இருக்குதேடா உப்பு! கண்ணு எரியாதா இதுங்களுக்கு?”

“பழகிடுச்சும்மா.”

சார் அதை விளையாட்டாகத்தான் சொன்னார். கடல் மீனுக்கு உப்பு வெறும் பழக்கமல்ல, உயிரே என்பதைச் சொல்ல அந்த வெயிலில், அந்தச் சிரிப்புக்கு நடுவில், யாருக்குத் தோன்றும்?

வெயில் தாழ்ந்ததும் அம்மா தண்ணீர் இறைத்தார். நயினார் வீடுகளில் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்க மாட்டார்கள். குடத்தின் வாயில் மடித்த துணியைக் கட்டி அதில் ஊற்றுவார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் துணியில் தங்கும். அதோடு விட மாட்டார்கள். துணியைத் திருப்பி, கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரை வாளியில் வைத்து மெதுவாகக் கிணற்றுக்குள் இறக்கி விடுவார்கள். மேலிருந்து கொட்டினால் அதற்கு அடிபடுமாம்.

அலசி முடிக்கும்வரை காத்திருந்து, சார் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து கப்பலைப் பற்றிச் சொன்னார். நான் பம்பை அடித்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போகவும் முடியாது, காதை மூடிக்கொள்ளவும் முடியாது.

“செத்த மீனை அறுப்பியா?” என்று கேட்டார் அம்மா.

“ஆமாம்மா.”

“செத்ததா வருமா, நீங்க தூக்கறதால சாவுமா?”

சார் என்னைப் பார்த்தார். நான் டின்னைப் பார்த்தேன்.

“தூக்கறதாலதான் சாவும்.”

“அறுத்து இன்னாடா தெரியப்போவுது உனுக்கு?”

“இன்னா திங்குது, எங்க குஞ்சு பொரிக்குது, எத்தனை வருஷம் இருக்குதுன்னு தெரியும். இப்ப வெளிநாட்டுக் கப்பலுங்க வந்து வாரிக்கினு போவுதும்மா. இன்னா இருக்குதுன்னே தெரியாம வாரறாங்க. எது இருக்குதுன்னு தெரிஞ்சாத்தானே எதைத் தொடாதேன்னு சொல்ல முடியும்?”

அம்மா துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

“காலையில சொல்றேன்” என்றார்.

காலையில்

இரவு முழுக்க நானும் அவரும் மாறி மாறிக் காற்றடித்தோம். வெள்ளி முளைத்த நேரத்தில் அவர், “நீ போயி வீட்ல மூஞ்சைக் காட்டிட்டு வா. எங்கிட்ட குடு” என்று பம்பை வாங்கிக்கொண்டார். என் வீடு ஊருக்கு அந்தப் பக்கம். போய் என் அம்மாவைப் பார்த்து, ஒரு சொம்பு கூழ் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

சந்தில் வரும்போதே நயினாரம்மாவின் குரல் கேட்டது. அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“ஏழுமல, இங்க வாடா! வந்து பாரு, எப்படி ஓடுதுங்கன்னு!”

வேப்பமரத்தடியில் சார் பம்பை மடியில் வைத்துக்கொண்டு, மரத்தில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மீன் இருந்த டின் கவிழ்ந்து கிடந்தது. அம்மா கிணற்று மதிலைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் அவர் சொல்லித்தான் தெரியும். விடியலில் தண்ணீர் இறைக்க வந்திருக்கிறார். பிள்ளை அசந்து தூங்குகிறான். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருக்கின்றன. இவனை எழுப்ப மனசில்லை. மீன்களைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் மனசில்லை. உப்புத் தண்ணீரே பழகியதென்றால் நல்ல தண்ணீர் பழகாதா? டின்னில் நசுங்கிக்கிடப்பதற்கு இவ்வளவு பெரிய கிணறு எவ்வளவோ மேல். வாளியில் முகந்து முகந்து, அடிபடாமல், தண்ணீரைத் தொடும்வரை இறக்கி இறக்கி விட்டிருக்கிறார்.

நான் எட்டிப் பார்த்தேன். மீன்கள் ஓடத்தான் ஓடின. சுவரில் இடித்து, திரும்பி, சுற்றிச் சுற்றி, மேலும் கீழுமாக. பாரில் அவற்றை எத்தனையோ நாள் பார்த்தவன் நான். மீன் அப்படி ஓடாது. வண்ணாத்தி ஒன்று ஓடிக்கொண்டே இருந்து, சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்தது.

“சார்!” என்று கத்தினேன். செஞ்சியில் நான் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் ஓடி வந்து பார்த்தார். மதிலைப் பிடித்து அப்படியே உள்ளே குனிந்தார்.

“இன்னாடா?” என்றார் அம்மா. “இன்னா, ஏன் அப்படிப் பாக்கற?”

“நல்ல தண்ணி அதுக்கு விஷம்மா.”

அம்மாவுக்குப் புரிய ஒரு மூச்சு விடும் நேரம் ஆயிற்று. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, கொடியிலிருந்த வடிகட்டும் துணியை உருவி என் கையில் திணித்தார்.

“எறங்குடா.”

நான் தயங்கினேன். அது அவர்கள் குடிக்கிற கிணறு.

“எறங்குடா ஏழுமல! நின்னுக்கினு இருக்கிறியே!”

படிக்கல்லில் கால் வைத்து இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்று, அந்தத் துணியால் மீன்களை அள்ளினேன். சார் இன்னொரு டின்னிலிருந்த கடல் தண்ணீரை வாளியில் ஊற்றி இறக்கினார். அள்ளி அள்ளிப் போட்டேன். சிலவற்றுக்குச் செவுள் அசைந்தது. சில கையில் எடுக்கும்போதே மரக்கட்டைபோல் இருந்தன. அந்த ஆரஞ்சு மீன்கள் கொஞ்சம் கெட்டி. அவற்றில் சில வாளியில் போட்டதும் புரண்டு, நிமிர்ந்தன. வண்ணாத்தி ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

மேலே ஏறி வந்தபோது செத்ததையெல்லாம் அம்மா ஒரு வாழையிலையில் வரிசையாக வைத்திருந்தார். மீனைத் தொட்டிருந்தார். அவர் ஆயுளில் அதற்கு முன் தொட்டிருக்க மாட்டார்.

யார் சொன்னது, யார் கேட்டது

நான் ஈரத்தோடு மரத்தடியில் உட்கார்ந்து, பிழைத்தவற்றுக்குக் காற்றடித்தேன். அவர்கள் இரண்டு பேரும் கிணற்றடியில் இருந்தார்கள்.

“நீ தெரியாமதானம்மா செஞ்ச” என்றார் சார்.

“தெரியாததாலதான்டா செத்துச்சி.”

அவர் அழவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்தத் தண்ணியில எடுத்தமோ அந்தத் தண்ணியிலதான் உயிரை விடணும்னு எங்க மாமியா சொல்லிக் குடுத்தது. குளத்துத் தண்ணின்னா குளத்துல, கெணத்துத் தண்ணின்னா கெணத்துல. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து செய்யறேன். ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.” பிறகு, “கப்பலுக்குப் போவ வேணாம்னு சொல்றதுக்குத்தான் எழுந்து வந்தேன் இன்னிக்கி” என்றார்.

சார் தலையைத் தூக்கினார். “நான் போவலம்மா. தந்தி குடுத்துடறேன். பழகிடுச்சின்னு சொன்னது நான்தானே. ஒரு வார்த்தை ஒழுங்கா சொல்லியிருந்தா…”

அம்மா எழுந்தார். கொல்லையின் கோடியில் குழி தோண்டச் சொன்னார். இலையோடு வைத்து மூடினோம். அவர் கைகூப்பி ஏதோ முணுமுணுத்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று அவர் பல்லில் பச்சைத்தண்ணீர்கூடப் படவில்லை என்று வேலைக்காரப் பெண் பின்னால் சொன்னாள்.

பிழைத்த மீன்கள் என்ன ஆயின என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். மறுநாள் அவற்றைக் கொண்டுபோய் மெட்ராஸில் சேர்த்தோம். “இவ்வளவுதானா?” என்று அங்கிருந்தவர் கேட்டார். “வழியில தவறிடுச்சி” என்றார் சார். பிறகொரு ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் கூட்டம் நெருக்கியது. மீன்கள் கொழுத்துத்தான் இருந்தன. எனக்கு நின்று பார்க்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

மறுநாள்

மெட்ராஸுக்குக் கிளம்பிய அந்தக் காலையில் சார் தந்தியில் எழுத வேண்டிய வாசகத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது. டின்னை நான் தோளில் ஏற்றிக்கொண்டேன். உள்ளே போய்ச் சொல்லிக்கொண்டு வர அவருக்குத் தயக்கம். கதவு சாத்தியே இருந்தது.

சந்து முனையில் திரும்பும்போது பின்னால் காலடிச் சத்தம். நயினாரம்மா. பகலில் தெருவில் இறங்கி நடக்கிற பெண்மணி இல்லை அவர். கையில் ஒரு துணி மூட்டை. வேகமாக வந்ததில் மூச்சு வாங்கியது. ஒரே நாளில் முகம் வற்றிப்போயிருந்தது.

மூட்டையை மகன் கையில் கொடுத்தார். “அவலு, பயத்தமாவு, வெல்லம். சின்ன பாத்திரம் ஒண்ணு வெச்சிருக்கேன்.”

“மெட்ராஸுக்கு இவ்ளோ எதுக்கும்மா?”

அவர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தார்.

“கப்பல்ல தனியா அடுப்பு குடுப்பாங்களா?” என்று கேட்டார்.

சார் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தார். “கேட்டா குடுப்பாங்க.”

“எத்தனை நாளு?”

“இருபது நாளு ஆவும். கூடவும் ஆவலாம்.”

“தண்ணி?”

“பீப்பாயில எடுத்துக்கினு போவாங்கம்மா.”

தலையை ஆட்டினார். தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. டிரைவர் தெரிந்தவர், நிறுத்துவார். இருந்தாலும் நான் டின்னோடு இரண்டடி எடுத்து வைத்தேன்.

“வெளக்கு?” என்றார் அம்மா.

“கப்பலுக்குள்ள ராவும் பகலும் கரண்ட் லைட்டு எரியும்மா. அடித்தளத்துல ஜன்னலே கிடையாது.”

நயினார் வீடுகளில் பொழுது சாய்ந்துவிட்டால் யாரும் வாயில் எதுவும் போட மாட்டார்கள். எங்கள் ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அம்மா அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. புருவம் நெருங்கியிருந்தது.

“அப்ப பொழுது போனது உள்ள இருக்கிறவனுக்கு எப்படிடா தெரியும்?”

சார் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“மேல ஏறி வந்து, சூரியன் இருக்குதான்னு பாரு” என்றார் நயினாரம்மா. “பாத்துட்டு அப்பறம் சாப்புடு.”